கண்ணின் கல்வி: கலைநயம் காணக் கற்ற ஓர் இறையியல் மாணவர்

தமிழ்ப் பாடத் தேர்வில் ‘நயம் பாராட்டுக’ என்னும் வினாவுக்கு விடை எழுதாதவர் நம்முள் எவரும் இலர். தரப்பட்ட செய்யுளின் மையக் கருத்து, எதுகை, மோனை, அணி, சந்தம் என ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டிப் போற்றுவதே அவ்வினாவுக்குரிய விடை. செய்யுளுக்கு இவ்வாறு நயம் காணப் பள்ளிப் பருவத்திலேயே பயிற்றப்பட்ட நாம், ஓவியத்துக்கோ சிற்பத்துக்கோ கட்டடத்துக்கோ நயம் காண எங்கும் பயிற்றப்படவில்லை. சிறந்த ஓவியம் ஒன்றின்முன் நம்மை நிறுத்தினால், ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்குமேல் உரைக்கப் பலருக்குச் சொல் இருப்பதில்லை. இந்நிலையை மாற்றும்பொருட்டு ஏற்பட்டதே கலைநயப் பயிற்சி. வரையக் கற்பிப்பது அதன் நோக்கமன்று. வரையப்பட்டதைக் காணக் கற்பிப்பதே அதன் வேலை. புதுதில்லியில் 1989இல் தோன்றிய தேசிய அருங்காட்சியக நிறுவனம் இத்தகைய பயிற்சியைப் பொதுமக்களுக்கென நடத்தியுள்ளது. பூனாவில் நடைபெற்றுவந்த திரைப்பட நயப் பயிற்சியும் பலர் அறிந்ததே.

இறையியல் ஏட்டில் இதற்கு என்ன இடம் என வாசகர் வினவக்கூடும். உத்திரமேரூர் வட்டத்து மானாம்பதியைச் சேர்ந்த இறையியல் மாணவர் ஒருவர், தம் மூன்றாம் ஆண்டில், சென்னையில் நடைபெற்ற பத்து வாரக் கலைநயப் பயிற்சி ஒன்றில் மாலை நேரங்களில் பயின்றார். வாரந்தோறும் தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தார். அதனை நாம் படிக்கத் தந்ததோடு, தம் பெயரைச் சுட்டாமல் அதிலுள்ளவற்றை எடுத்தாளவும் இசைந்தார். அக்குறிப்பேட்டைத் துணையாகக்கொண்டு, இப்பயிற்சி எவ்வாறு நடைபெறுகிறது, அருட்பணிக்கு ஆயத்தமாகும் ஒருவரிடத்தில் அது என்ன செய்கிறது, எவ்விடத்தில் அது இடறுகிறது என்பனவற்றை விளக்க முயல்கிறோம்.

முதல் வாரத்துப் பாடம் மிக எளியது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில், திருவாலங்காட்டு நடராசர் திருவுருவத்தின்முன் ஒரு மணி நேரம் நின்று, கண்ணுக்குப் படுவதை மட்டும் எழுதுதல் வேண்டும். நம் மாணவர் முதற் பத்து நிமிடத்தில் இரண்டு பக்கங்களை நிரப்பிவிட்டார்: ஐந்தொழில்கள், உடுக்கையின் பொருள், முயலகன் யார் என்னும் செய்திகள். பயிற்றுநர் அவற்றைப் படித்துப் பார்த்து, குறுக்கே ஒரு கோடிழுத்து, “இவையெல்லாம் நீர் அறிந்துகொண்டு வந்தவை, இங்கே கண்டவை எங்கே?” என்று கேட்டாராம். எஞ்சிய ஐம்பது நிமிடங்களில் அவர் எழுதியவை பன்னிரண்டு வரிகளே. உடலின் எடை முழுவதையும் மடங்கிய ஒற்றைக் கால் தாங்குகிறது. தூக்கிய கால் உடலைக் குறுக்கே கடக்கிறது. அதே திசையில் ஒரு கையும் மார்புக்குக் குறுக்கே நீள்கிறது. கை கால்கள் அனைத்தும் இயங்க, முகம் மட்டும் அசைவற்றிருக்கிறது. சுற்றிலும் திருவாசி இன்மையால் உருவம் வெட்டவெளியில் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. இறுதி வரி: “நாற்பதாம் நிமிடத்தில்தான் முகத்தைப் பார்த்தேன்.”

இதே திருவுருவத்தை நிழற்படங்களில் மட்டும் கண்ட பிரெஞ்சுச் சிற்பி ரோடின், 1913இல் அதனைப்பற்றிக் கட்டுரை ஒன்று வரைந்தார். அக்கட்டுரை அவர் மறைந்தபின் 1921இல் வெளிவந்தது. சென்னைக்கு வாராத ஒருவர் படத்தைக்கொண்டே உதட்டையும் தோளையும் அங்குலம் அங்குலமாகக் கண்டெழுத, எழும்பூர் இரயில் நிலையத்தில் ஆயிரம் முறை இறங்கிய நம்மவர் பலர் அக்கூடத்தின் வாயிலையும் மிதித்ததில்லை.

நெடுநேரம் பார்த்தல் என்னும் இம்முறை வேறு நாடுகளிலும் கையாளப்படுகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிபர் ராபர்ட்ஸ் என்பார், தம் மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஓவியத்தின்முன் முழுதாக மூன்று மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டுமெனப் பணிப்பவர். தாமே அவ்வாறு அமர்ந்து பார்த்த அனுபவத்தை 2013இல் எழுதியுள்ளார். அவர் எடுத்துக்கொண்டது, பாஸ்டன் நகரத்து ஓவியர் காப்லி 1765இல் தீட்டிய, அணில் வளர்க்கும் சிறுவனின் படம். சிறுவனுடைய காதின் வடிவமும் அணிலின் வயிற்றுமயிரின் வளைவும் ஒத்திருப்பதை உணர அவருக்கு ஒன்பது நிமிடங்கள் ஆயின. பின்னணித் திரைச்சீலையின் மடிப்புகளும் அவ்வடிவத்தையே பின்பற்றுகின்றன என்பது புலப்பட முக்கால் மணி நேரம் ஆயிற்று. கலையில் தேர்ந்த ஒருவருக்கே இவ்வளவு காலம் வேண்டியிருந்தது. கண் திறந்திருப்பது வேறு, காண்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்குக் கிட்டவில்லை.

இரண்டாம் வாரத்தில் கற்பிக்கப்பட்டது, எர்வின் பனோப்ஸ்கி என்னும் அறிஞர் 1939இல் வெளியிட்ட நூலில் வகுத்த மூன்று படிநிலைகள். முதலாவது, படத்தில் உள்ளதை உள்ளவாறு கூறல்: ஒரு பெண், ஒரு குழந்தை, ஒரு தொழுவம். இரண்டாவது, அவர்கள் யாரென மரபறிவைக்கொண்டு இனங்காணல்: மரியாள், இயேசு, பெத்லகேம். மூன்றாவது, அக்காலமும் சமுதாயமும் தம்மை அறியாமலே அப்படத்தில் எவற்றை வெளியிட்டுள்ளன என ஆராய்தல். திருமறை விளக்கவுரை முறைகளைப் பயின்ற எவருக்கும் இவ்வரிசை புதிதாகத் தோன்றாது. மூலபாடத்தில் நிற்பது என்ன என்று அறியாமுன் அதன் பொருளைக் கூறப் புகுதல் ஆகாதென்று நம் கல்லூரிகளில் முதலாண்டிலேயே கற்பிக்கிறோம். எனினும் ஞாயிறுதோறும் நிகழ்வது யாது? பகுதி வாசிக்கப்பட்டவுடன் மூன்று குறிப்புகள் வந்துவிடுகின்றன. அப்பகுதியில் யார் நிற்கிறார், யார் அமர்ந்திருக்கிறார், யார் பேசாதிருக்கிறார் என்பன கவனிக்கப்படுவதில்லை. நம் மாணவர் இப்பயிற்சிக்குப்பின் எழுதிய அருளுரைகளில் இவ்வகையில் ஒரு மாறுதலை நாமே கண்டோம். பெதஸ்தா குளத்தருகே படுத்திருந்தவனைப்பற்றிய அருளுரையில், அக்குளத்தின் ஐந்து மண்டபங்களையும் அங்கே கிடந்த திரளான நோயாளரையும் முதலில் நம் கண்முன் நிறுத்தி, அத்திரளிலிருந்து ஒருவன் மட்டும் எழுந்துபோன பின்னர் எஞ்சியோர் அங்கேயே கிடந்தனர் என்பதைச் சொல்லிச் சற்று நேரம் பேசாதிருந்தார். அந்த மௌனம் சபையாருக்குப் புதிதாயிருந்தது.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி பயன் தரும். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் காட்டுப் பூக்களைக் கவனிக்கச் சொல்லுமிடத்து மத்தேயு கையாளும் கிரேக்க வினைச்சொல் ‘கட்டமன்தானோ’ என்பது. ஆழ்ந்து கற்றல், நுணுகி அறிதல் என்பது அதன் பொருள். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அச்சொல் வாராது. சீடன் என்பதற்குரிய ‘மத்தேத்தேஸ்’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. பூவை அவ்வாறு பார்ப்பது சீடத்துவத்தின் ஒரு கூறு என்று கொள்ள அச்சொல் இடந்தருகிறது. பவுல் ஏதென்சில் விக்கிரகங்களைக் கண்டு ஆவியில் வைராக்கியமடைந்தார் என்பதை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். அதே அதிகாரத்தில், அவ்வூராரின் வழிபாட்டுப் பொருள்களை அவர் சுற்றிச் சென்று உற்று நோக்கினார் என்பதும், அவ்வாறு நோக்கியதனாலேயே அறியப்படாத தேவனுக்குரிய பலிபீடத்தின் எழுத்து அவர் கண்ணிற்பட்டது என்பதும் உள்ளன. வைராக்கியத்தை எடுத்துக்கொண்டு நோக்குதலை விட்டுவிடுவது அப்பகுதிக்கு நாம் செய்யும் நீதியாகாது.

ஐந்தாம் வாரத்தில் ஒப்பீடு. ஒரே பொருளைப்பற்றிய இரு படைப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, தனித்துப் பார்க்கையில் மறைந்திருப்பவை வெளிப்படும். பயிற்றுநர் தந்த எடுத்துக்காட்டுகளை விட்டு, நம் மாணவர் தாமே ஒரு இணையைத் தேர்ந்தெடுத்தார். அது நம் சபைகளின் சொந்தச் சொத்து என்பதால் சற்று விரிவாகக் கூறுகிறோம். தஞ்சை அருட்பணியாளர் சுவார்ட்சு 1798 பெப்ருவரி 13இல் மறைந்தார். அவருடைய மரணப்படுக்கையைக் காட்டும் இரண்டு சலவைக்கல் புடைப்புச் சிற்பங்கள் தமிழகத்தில் உள்ளன. ஒன்று, கிழக்கிந்தியக் கம்பெனியார் பேக்கன் என்னும் இளைய சிற்பியைக்கொண்டு செய்வித்துச் சென்னைக் கோட்டையின் தூய மரியாள் ஆலயத்தில் வைத்தது. மற்றது, மன்னர் சரபோஜி ஜான் பிளாக்ஸ்மனைக்கொண்டு செய்வித்துத் தஞ்சைக் கோட்டையிலுள்ள சுவார்ட்சு ஆலயத்தில் நிறுவியது. இரண்டும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்தவை.

சென்னைச் சிற்பத்தில் உடன் ஊழியர் கெரிக்கே, சாகும் பெரியவரைத் தாங்குகிறார். பிள்ளைகள் சூழ்ந்துள்ளனர், ஒரு குழந்தை அவருடைய கையைப் பற்றியிருக்கிறது. மேலே வானதூதர் ஒருவர் சிலுவையை ஏந்தித் தோன்ற, சுவார்ட்சின் கையும் கண்ணும் அதனை நோக்கி உயர்கின்றன. பார்ப்பவர் கண் படுக்கையிலிருந்து புறப்பட்டுச் சாய்வாக மேலேறிச் சிலுவையில் போய் நிற்கும். தஞ்சைச் சிற்பத்தில் வானதூதர் இல்லை. தலைமாட்டில் கெரிக்கே நிற்கிறார், கால்மாட்டில் பள்ளிப்பிள்ளைகள்; நடுவே தலைப்பாகையணிந்த மன்னர் தம் ஆசிரியரின் கையைப் பற்றுகிறார். அங்கே கோடு மேலேறுவதில்லை. கையிலிருந்து கைக்குக் கிடையாகச் செல்கிறது. “ஒரே மரணம், கம்பெனியார் செய்வித்ததில் மன்னரைக் காணோம், மன்னர் செய்வித்ததில் வானதூதரைக் காணோம்” என்று குறிப்பேட்டில் ஒரு வரி. செலவிட்டவர் யாரோ அவர் காண விரும்பியதே கல்லில் நடுவிடம் பெற்றது. மூன்றாம் படிநிலை என்று மேலே கூறியது இதுவே. இதனோடு நாம் ஒன்றைச் சேர்ப்போம்: அருட்பணியாளருக்கு இவ்வளவு அழகிய நினைவுச்சின்னம் எடுத்த கம்பெனியார், 1813ஆம் ஆண்டுச் சாசனம் வரை தம் ஆட்சிப்பகுதிகளில் அருட்பணியாளர் தங்குதடையின்றி வரவும் உழைக்கவும் இசையவில்லை. செத்த மிஷனரி அவர்களுக்குத் தொல்லை தரமாட்டார்.

சுவார்ட்சின் மாணாக்கருள் ஒருவரும் சரபோஜியின் பள்ளித்தோழருமான வேதநாயக சாஸ்திரியாரை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க இயலாது. அவர் காலந்தொட்டுத் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையின் செவி நன்கு பயிற்றப்பட்டே வந்திருக்கிறது. இராகமும் தாளமும் அறியாத மூதாட்டியும் கீர்த்தனை பிசகினால் கண்டுகொள்வார். பின்னாளில் மதுரையில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளையும் மக்கள் கருவிகளையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்து அப்பயிற்சியை மேலும் விரிவாக்கினார். கண்ணுக்கோ நாம் தந்தது சுவர் நாட்காட்டி ஒன்றே.

அந்நாட்காட்டிப் படத்தைப்பற்றியும் குறிப்பேட்டில் ஒரு பகுதி உண்டு. சிக்காகோவைச் சேர்ந்த வார்னர் சால்மன் 1940இல் தீட்டிய கிறிஸ்துவின் தலை, கோடிக்கணக்கில் அச்சாகி உலகெங்கும் பரவியது. மானாம்பதியில் நம் மாணவரது வீட்டிலும் அவர் பிறக்குமுன்பே மாட்டப்பட்டிருந்தது. ஏழாம் வாரத்தில், வீட்டிலுள்ள படம் ஒன்றை அரை மணி நேரம் பார்த்து எழுதும்படி பணிக்கப்பட்டபோது, அப்படத்தையே எடுத்துக்கொண்டார். வெளிர்நிற முகம், மென்மையான கூந்தல், பழுப்புப் பின்னணி, எங்கிருந்து வருகிறதெனத் தெரியாத ஒளி ஆகியவற்றை எழுதியபின், இத்தனை ஆண்டுகளாகத் தமக்குத் தோன்றாத ஒன்றைக் கண்டார்: படத்திலுள்ள கண்கள் பார்ப்பவரைப் பார்க்கவில்லை. முகம் பக்கவாட்டில் திரும்பிச் சற்று மேல்நோக்கியிருக்கிறது. அயல்நாட்டு முகம் என்பதோடு, நம்மை நோக்காத முகமுமாயிற்றே என்று அவர் தம் பாட்டியிடம் கூறினார். எழுத்தறியாத அப்பெருமாட்டி சற்றும் தயங்காமல், “அவரு நம்மளப் பாத்துக்கினு இருந்தா நம்ம குத்தந்தான் தெரியும். மேல பாத்து நமக்கோசரம் வேண்டிக்கினு இருக்காரு, வுடு” என்றாராம். எபிரெயர் நிருபத்தின் பிரதான ஆசாரியரை அம்மூதாட்டி நாட்காட்டியில் கண்டிருக்கிறார். சால்மனின் ஓவியத்தைக் கலைத்தரத்தில் உயர்ந்ததாக நாம் கருதவில்லை. இந்திய மக்களிடையே வெள்ளை முகத்தையே ஆண்டவரின் முகமாக நிலைநாட்டியதில் அதன் பங்கு பெரிது என்பதையும் மறுக்கவில்லை. எனினும், கிராமத்தில் அப்படத்தைக் கழற்றச் சொல்லப் புறப்படும் இளம் ஆயர், அதன்முன் அமர்ந்திருப்பவர் அதில் என்ன காண்கிறார் என்று முதலில் கேட்டறிவது நலம்.

விக்கிரக வழிபாட்டுக்கு இது வழிகோலாதா என்னும் வினா எழுவது இயல்பே. மாணவரின் சபை மூப்பர் ஒருவர் அதனை எழுப்பவும் செய்தார். இரண்டாம் கட்டளையின் கண்டிப்பை நாம் தளர்த்த வரவில்லை. மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பம் மக்களைப் பிழைக்கச் செய்ததும் உண்டு. அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அதை உடைத்ததும் உண்டு. பொருள் ஒன்றே, அதன்முன் நிகழ்ந்த செயல் வேறு. 1522இல் விட்டன்பர்க்கில் படங்களை அகற்றும் கிளர்ச்சி எழுந்தபோது, லூத்தர் தம் மறைவிடத்தைவிட்டுத் திரும்பிவந்து, வன்முறையால் அதைச் செய்வதற்கு எதிராக அருளுரை ஆற்றினார். அதே நகரின் ஆலயத்தில் கிரனாக் பட்டறையார் தீட்டி 1547இல் வைக்கப்பெற்ற பீடப்படத்தின் அடிப்பகுதியில், லூத்தர் பிரசங்க மேடையினின்று கை நீட்ட, அவருக்கும் சபையாருக்கும் இடையே சிலுவையிலறையுண்ட கிறிஸ்து நிற்கிறார். பிரசங்கம் என்பது யாது என்பதற்கு இதனினும் சுருக்கமான விளக்கம் அரிது. ஆலயத்தினுள் உருவங்களை ஏற்காத கல்வினும் சிற்பமும் ஓவியமும் இறைவன் தந்த கொடைகளே என்று எழுதியவர். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு, தென்னிந்தியத் தெய்வங்களைப்பற்றித் தாம் கேட்டும் கண்டும் அறிந்தவற்றை 1713இல் ஒரு நூலாக எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்குள்ளோர் அதை அச்சேற்ற விரும்பவில்லை. 1867இல்தான் அது நூலாக வெளிவந்தது. பார்க்கத் துணிந்தவர் களத்தில் இருந்தார். அஞ்சியவர்கள் தொலைவில் இருந்தனர்.

இவற்றினும் கடினமான வினா மானாம்பதியிலேயே எழுந்தது. எட்டாம் வாரத்தில் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊருக்கருகிலுள்ள பழங்கட்டடம் ஒன்றை ஆராய்ந்து எழுதவேண்டும். நம் மாணவருக்கு உத்திரமேரூர் இருந்தது. அவ்வூர்ப் பேருந்து நிலையத்தில் அவர் எத்தனையோ முறை பேருந்து மாறியவர். கோயில்களை நின்று பார்த்தவரல்லர். இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், பிரமதேயமாக அமைந்த ஊர் அது. அங்குள்ள சுந்தர வரதப் பெருமாள் கோயிலின் விமானம் மூன்று தளங்களையும் மூன்று கருவறைகளையும் கொண்டது. கீழ்த்தளத்தில் நின்ற கோலம், இடைத்தளத்தில் இருந்த கோலம், மேல்தளத்தில் கிடந்த கோலம். வெளியில் நின்று விமானத்தின் உறுப்புகளைக் கணக்கிட்டபோது, ஆங்கிலத்தில் நடந்த வகுப்பில் பொருள் விளங்காமல் தாம் திண்டாடிய சொற்களுக்கெல்லாம் இங்கே நெடுங்காலமாகப் பெயர் வழங்குவதை அவர் அறிந்தார்: அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், தூபி. பாதம், கழுத்து, தலை எனக் கட்டடத்தை உடலாகக் காணும் பெயர்கள் இவற்றுள் உள்ளன. சபையை உடலென்றும், உடலை ஆலயமென்றும் கூறும் பவுலைப் படிப்பவருக்கு இது சிந்தனைக்குரியது.

வைகுந்தப் பெருமாள் கோயிலில் அவர் நெடுநேரம் நின்றது கல்வெட்டுகளின்முன். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட இவை குடவோலை முறையை விவரிக்கின்றன. முப்பது குடும்புகள், ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தல், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்கள், கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் போட்டியிடலாகாது என்னும் கட்டுப்பாடு. மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தெரிந்தெடுத்த எருசலேம் சபையை நினைவூட்டும் இம்முறையை நாடு முழுவதும் இன்று போற்றுகிறது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரின் உரையிலும் இவ்வூர்ப் பெயர் ஒலித்தது. கல்லில் எழுத்துகள் ஒழுங்கான வரிகளாகச் செல்லும் அழகையும், தமிழெழுத்தும் கிரந்தமும் கலந்து வரும் பாங்கையும் மாணவர் ஒரு பக்கம் வருணித்துள்ளார். அடுத்த பக்கத்தில் தகுதிகளை எழுதியுள்ளார்: கால் வேலிக்குமேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி. அதன்கீழ், “எங்கள் தெருவில் இவற்றுள் ஒன்றும் எவரிடமும் இருந்திராது” என்று எழுதி நிறுத்திவிட்டார்.

அவருடைய தந்தையார் இவ்வாராய்ச்சியைக் கேள்வியுற்றபோது சினந்தார். தம் பாட்டனார் காலத்தில் இத்தகைய கோயில்களின் மதிலோரத்தில்கூட நிற்க அஞ்சியவர்கள் தம் மக்கள். அக்கோயிலுக்குத் தம் மகன் நயம் பாராட்டுவது எவ்வாறு பொருந்தும் என்று கேட்டார். தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சென்னை மாகாணக் கோயில்களின் வாயில்களைச் சட்டப்படி திறந்துவிட்ட ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் நிறைவேறியது என்பதை நினைத்தால், தந்தையாரின் கேள்வி பழங்கதையன்று என்பது விளங்கும். பயிற்றுநரிடம் இதனை மாணவர் எழுப்பினார். கலையைச் சமுதாய வழக்குகளினின்று பிரித்து வடிவமாகவே நோக்கவேண்டும் என்னும் மறுமொழி கிடைத்தது.

அம்மறுமொழியை நாம் ஏற்பதற்கில்லை. கம்பெனியார் சிற்பத்தில் மன்னர் இல்லாமையைக் காணக் கற்பித்த அதே பயிற்சி, உத்திரமேரூர்ச் சுவரில் யார் இல்லை என்று கேட்கும்போது மட்டும் வாயை மூடச் சொல்வது முரணாகும். அதேவேளையில், தந்தையாரின் சினம் நேரியதேயாயினும், பாராமலே இருந்துவிடுவதால் அச்சினத்துக்கும் பயனில்லை. யார் இல்லை என்பதைச் சுவரைப் படித்தவரே கூற முடிந்தது. பேருந்து நிலையத்திலிருந்து அது தெரியாது. அழகும் அநீதியும் ஒரே கல்லில் இருக்கக்கூடும். ஒன்றைக் கண்டதனால் மற்றது மறைந்துபோவதில்லை. ரோமரின் சிலுவை மரத்தைப் பொன்னாலும் வெள்ளியாலும் செய்து பீடத்தில் வைத்துள்ள நமக்கு இது புரியாததன்று. தந்தையாரும் மகனும் இதில் உடன்பட்டுவிட்டதாக நமக்குத் தெரியவில்லை. அவ்வீட்டில் அவ்வாதம் இன்னும் நடைபெறுகிறது.

அவ்வாதத்தில் விளைந்த நன்மை ஒன்று உண்டு. கற்கோயிலில் தொடங்கிய மாணவரின் பார்வை தம் தெருவுக்குத் திரும்பிற்று. காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசிப் பகுதிகள் பாரதக் கூத்தின் விளைநிலம். கூத்தரின் மரக்கட்டை அணிகளும் முகவண்ணமும் விளக்கொளியில் எவ்வாறு தொலைவிலிருந்து காண்பவர்க்கென்றே அமைந்துள்ளன என்பதை அவர் எழுதியுள்ள பக்கங்கள் குறிப்பேட்டில் மிகச் சிறந்தவை. அண்டை வீட்டு வாசலின் சிக்குக் கோலத்தில் கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடிவதையும் வரைந்து காட்டியுள்ளார். இவற்றுள் எதனையும் ஆலயத்துக்குள் உடனே கொண்டுவரவேண்டும் என்று அவர் கூறவில்லை, நாமும் கூறவில்லை. வழிபாட்டில் பயன்படுத்தும் அவசரமே பல நல்ல கலைகளை நம் கையில் கெடுத்திருக்கிறது.

சென்ற கோடை விடுமுறையில் அவர் மானாம்பதியின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அறுவரை உத்திரமேரூருக்கு அழைத்துச் சென்றார். கல்வெட்டில் தங்களுக்குத் தெரிந்த எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னார். ககரத்தையும் டகரத்தையும் ஒத்த வடிவங்களைக் கண்டு பிள்ளைகள் மகிழ்ந்தனர். அவர்களுள் ஒரு சிறுமி, “அண்ணா, இதுல நம்ம ஆளுங்க பேரு இருக்குதா?” என்று கேட்டாள். ஆட்சிக்குழுவுக்குரியோரைப்பற்றிய இந்தச் சாசனத்தில் இல்லை என்றும், தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் பறைச்சேரி என்னும் சொல் வருகிறது என்றும், அங்கும் ஆட்களின் பெயர்கள் இல்லை, சேரியின் பெயர் மட்டுமே உண்டு என்றும் அவர் உண்மையைக் கூறினார். சிறுமி, தஞ்சாவூருக்கு எப்போது போகலாம் என்று கேட்டாளாம்.

இத்தகைய பயிற்சிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பத்து வாரப் படிப்பு எல்லார்க்கும் வாய்க்காது. ஆனால் ஒரு பருவத்தில் நான்கு பிற்பகல்களை எக்கல்லூரியும் ஒதுக்கலாம். ஒன்றைச் சென்னைக் கோட்டை ஆலயத்துச் சிற்பத்துக்கும், ஒன்றை மாணவர் வீட்டு நாட்காட்டிப் படத்துக்கும், ஒன்றை அவரவர் ஊர்ப் பழங்கட்டடத்துக்கும், ஒன்றை எழும்பூருக்கும் தரலாம். தாளும் கரிக்கோலும் போதும்; கைப்பேசியில் படமெடுப்பதை முதல் ஒரு மணி நேரத்துக்குத் தடுத்துவைப்பது நன்று, ஏனெனில் படம் எடுத்தவர் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். மாணவர் எழுதியதை ஆசிரியர் படிக்கும்போது, அறிந்து எழுதியவற்றின் குறுக்கே கோடிழுக்கத் தயங்கலாகாது. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். நாள் குறிக்கும்போது அதனைக் கருத்திற்கொள்ளவேண்டும்.